கேளாமலே காத்தவருக்கு

நடுவர் அவர்களுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். ஆண்டவருக்கு நாம் அதிகம் நன்றி சொல்ல வேண்டியது, கேட்ட ஜெபத்துக்குப் பதில் தந்ததற்கா, கேளாமலே காத்ததற்கா? காத்ததற்கே என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தம்பி ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "நடக்காத விபத்துக்கு நன்றி சொல்வது, வாங்காத கடனுக்கு வட்டி கட்டுவது மாதிரி." அதோடு விட்டாரா? வேதாகமத்தில் அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டி, "சபை ஜெபித்தது, பேதுரு விடுதலையானார்" என்று முடித்துவிட்டார்.

தம்பி, அதை இன்னொரு தடவை வாசிப்போமா? ஏரோது ராஜா இயேசுவின் சீஷர் யாக்கோபை வெட்டிக் கொன்றாகிவிட்டது. அடுத்தது பேதுரு. காவலுக்கு நான்கு நான்கு பேராக 16 சேவகர்கள். இரண்டு சங்கிலி. இந்தப் பக்கம் ஒரு சேவகன், அந்தப் பக்கம் ஒரு சேவகன். விடிந்தால் விசாரணை. நடுவில் பேதுரு என்ன செய்கிறார்? ஜெபிக்கிறாரா? தூங்குகிறார்!

என்ன தூக்கம் தெரியுமா? அறை முழுக்க வெளிச்சம், அப்போதும் எழவில்லை. தூதன் விலாவில் தட்டி எழுப்புகிறான். கச்சையைக் கட்டு, செருப்பைப் போடு, மேலாடையைப் போர்த்திக்கொள் என்று, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்கிறான். முதல் காவல் தாண்டியாயிற்று, இரண்டாம் காவலும் தாண்டியாயிற்று, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. அவரோ ஏதோ தரிசனம் என்றே நினைத்து நடக்கிறார். ஒரு தெரு போய், தூதன் மறைந்த பிறகுதான் தெளிகிறது, ஆண்டவர் நம்மைக் காத்தார் என்று.

சரி, ஜெபித்த வீட்டில்? பேதுரு கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண், குரல் கேட்ட சந்தோஷத்தில் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். ஜெபித்தவர்கள் அவளிடம் என்ன சொன்னார்கள்? "நீ பிதற்றுகிறாய்!" கேட்ட பதில் வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருக்கிறது!

வாங்காத கடனா தம்பி? தூக்கத்தில் வாங்கிய கடன் இது. வாங்கினோம் என்பதே ஒரு தெரு தள்ளித்தான் தெரியும்.

அப்படியானால் யாக்கோபு? கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அந்த வசனத்தில் நானும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

எனக்கு ஏழு வயதில் ஒரு ராத்திரி கடுமையான ஜுரம். எனக்கு அது நினைவிலேயே இல்லை, தூங்கியிருக்கிறேன். காலையில் அம்மாவின் கண் சிவந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. "ஏம்மா?" என்றேன். "தூசி விழுந்துடுச்சு" என்றார். என் கட்டில் ஓரத்தில் விடிய விடிய முழங்காலில் இருந்தார் என்று, அம்மாவை அடக்கம் செய்த அன்றுதான் பெரியம்மா சொன்னார். அது எனக்கு நாற்பது வருஷம் தள்ளி வந்த தெரு.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது, தெரியும். ஒரே ஒரு நிமிஷம். அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆண்டவரே, அந்த ராத்திரிக்காக ஸ்தோத்திரம். அவர் கண்ணில் விழுந்த தூசிக்காகவும் ஸ்தோத்திரம்.