பூவரசு பீப்பீயும் மூன்று வோல்ட் பல்பும்

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் பேசியது. நான் தடுமாறிய இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் சாம்பார் சாதம். யாராவது கண் அசந்தால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பக்கத்தில் வந்து இரண்டு பேட்டரிக் கட்டையும் ஒரு டார்ச் பல்பும் கையில் கொடுத்துவிடுவேன், அது எரிகிற வரைக்கும் தூங்க முடியாது.

நான் ஆசிரியர் இல்லை. ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். ஜனங்கள் பழுது பார்ப்பதை விட்டுவிட்டுப் புதிதாகவே வாங்க ஆரம்பித்ததும் கடையை மூடினேன். அலமாரி நிறைய உதிரி பாகங்கள் மிச்சம், எடைக்குப் போட மனசு வரவில்லை. தெருக்கோடியில் இருக்கிற பள்ளியில் ஒரு டீச்சர் "சும்மாதானே இருக்கிறீங்க, பிள்ளைகளுக்கு ஏதாவது செய்து காட்டுங்களேன்" என்றார். அவர் சொன்னபடியே நான் செய்தேன், அவர்கள் பார்த்தார்கள். அங்கேதான் முதல் தப்பு.

அன்றைக்கு எடுத்துப்போனது யூஎம் 66 என்ற சின்ன ஐசி, அதாவது மின்னணுச் சில்லு. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, பழைய காலிங் பெல் இதிலெல்லாம் பார்த்திருப்பீர்கள், மூன்று காலோடு டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கும். மின்சாரம் கொடுத்தால் உள்ளே எழுதி வைத்த பாட்டை வாசிக்கும். வீட்டிலேயே எல்லாவற்றையும் பற்றவைத்துக் கொண்டுபோய், மேசைமேல் வைத்து, சுவிட்சைப் போட்டேன். நாற்பது பிள்ளைகள் கைதட்டினார்கள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், வேற பாட்டு வருமா?" என்று கேட்டான். வராதுப்பா என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கப் போய்விட்டான். அவன் செய்ததுதான் நியாயம். அந்த ஐசியில் அவன் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை, டிவி பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அரசின் வானவில் மன்றம் திட்டம் 2022 நவம்பரில் வந்தது, உங்களுக்கெல்லாம் தெரியும், செய்து பார்க்கும் அறிவியல் அரசுப் பள்ளிக்குள் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கும். நான் பேச வந்தது அதற்குக் கீழே, ஒன்று முதல் ஐந்து வரை இருக்கிற வாண்டுகளைப் பற்றி. "இந்த வயசுக்கு எலெக்ட்ரானிக்ஸா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது, கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் ஒரு எழுத்து எழுதினால் அடுத்து எங்கே பார்க்கும்? உங்கள் முகத்தை. சரியா தப்பா என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டாலும் அப்படித்தான், பாட்டுப் பாடினாலும் அப்படித்தான். அதே பிள்ளையிடம் கட்டை, ஒயர், டார்ச் பல்பு மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் பழக்கதோஷத்தில் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். நீங்கள் எதுவும் காட்டாமல் நின்றால், மெல்ல மெல்லப் பல்பைப் பார்க்க ஆரம்பிக்கும். அந்தத் திரும்பல் நடக்கிற நேரத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் இந்த வயசிலும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போகிறேன். பல்புக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது, யார் நன்றாகப் படிக்கிறவர் என்றும் தெரியாது. சுற்று முழுசாக இருந்தால் எரியும்.

ஆனால் உங்களால் சும்மா நிற்க முடியாது! குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் கை பரபரக்கும். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் பல்பின் அடிப்புள்ளியில் மட்டும் ஒயரை வைப்பார்கள், பக்கத்து உலோகத்தைத் தொட மாட்டார்கள், எரியாது. "அங்க இல்லம்மா, இங்க" என்று ஒரு விரல் நீண்டால் போச்சு, அன்றைய பட்டறை முடிந்தது. நான் கண்டுபிடித்த வழி, கையைப் பின்னால் கட்டிக்கொள்வது. பத்து நிமிடம். அதற்குள் எங்கோ ஒரு மூலையில் ஒன்று எரிந்துவிடும், அப்புறம் வகுப்பு முழுக்கப் பரவும், யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மூன்றாம் வகுப்பு வரைக்கும் டார்ச் பல்புதான் நல்லது, பிளஸ் மைனஸை எப்படி மாற்றி வைத்தாலும் எரியும். எல்.இ.டி.க்கு நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ் என்று ஒரு நியதி உண்டு, ஒரு கட்டையின் ஒன்றரை வோல்ட் போதாது, இரண்டு வேண்டும், மின்சாரத்தைக் கட்டுப்படுத்த நடுவில் நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு எல்.இ.டி. சீக்கிரம் போய்விடும். அதை நாலு, ஐந்தில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு சம்பவம். ஐந்தாம் வகுப்பில் மனிதச் சங்கிலி விளையாட்டு. பிசி 547 டிரான்சிஸ்டர் இரண்டை ஒன்றின் பின் ஒன்றாக இணைத்து, ஒரு எல்.இ.டி., ஒன்பது வோல்ட் பேட்டரி, தொடுவதற்கு இரண்டு ஆணி. இந்த ஆணியை ஒருவர், அந்த ஆணியை இன்னொருவர் தொட்டு, மற்றவர்கள் வட்டமாகக் கை கோத்து நின்றால் எல்.இ.டி. எரியும். உடம்பு வழியாகப் போவது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான், சுருக்கென்றுகூட இருக்காது, டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கிவிடும்.

அன்றைக்கு எரியவில்லை. சோல்டரிங்தான் விட்டுப்போச்சோ என்று நான் சர்க்யூட்டைக் குடைந்துகொண்டிருக்கிறேன். பார்த்தால், வட்டத்தில் பையன்கள் வரிசை முடிந்து பெண் பிள்ளைகள் வரிசை தொடங்கும் இடத்தில் இரண்டு பேர் கை கோக்கவில்லை, ஒட்டினாற்போலப் பாவனை மட்டும். வெட்கம். எவ்வளவு சொல்லியும் ஆகவில்லை, மற்றவர்கள் கிண்டல் வேறு. அந்தப் பெண் யோசித்துவிட்டு, பையிலிருந்து மர ஸ்கேலை எடுத்து ஒரு முனையைத் தான் பிடித்து மறுமுனையை அவனிடம் நீட்டியது. எரியவில்லை. அவன் தன்னுடைய பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தான். எரியவில்லை. மூன்றாவதாக யாரோ ஸ்டீல் ஸ்கேல் கொடுத்தார்கள், பளிச்சென்று எரிந்தது. அதற்குப் பிறகு சங்கிலி எங்கே இருந்தது? சாப்பாட்டுத் தட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், செருப்பு, ஈரக் கைக்குட்டை, காய்ந்த கைக்குட்டை என்று எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். கடத்தி, கடத்தாப் பொருள் பாடத்தை நான் எடுக்கவே இல்லை. அதைத் திட்டம் போட்டு நான் எடுத்திருந்தால் இதில் பாதி வந்திருக்காது.

அன்று முடியும்போது ஒரு பையன் ஓடிவந்து கேட்ட கேள்வியில் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "சார், வீட்டு பிளக்ல வச்சா இன்னும் நல்லா எரியுமா?"

அதுவரைக்கும் இதை நான் பேசியதே இல்லை. குழந்தையின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஒரு கட்டைக்கு மங்கலாக, இரண்டு கட்டைக்குப் பிரகாசமாக, அப்படியென்றால் பிளக்கில்? வெறுமனே "தொடாதே, ஷாக் அடிக்கும்" என்று சொன்னால் தீரவும் தீராது, நாம்தான் இப்போது மின்சாரம் தொட்டுப் பார்க்கிற பொருள் என்று காட்டிவிட்டோமே. அன்றிலிருந்து எந்தப் பட்டறையும் பல்பில் தொடங்குவதில்லை, சுண்ணக்கட்டியில்தான் தொடங்குகிறேன். வீட்டுக்கு வருவது 230 வோல்ட், சின்னக் கட்டை ஒன்று ஒன்றரை வோல்ட், அப்படியென்றால் 153 கட்டைகள். ஒரு கட்டை ஐந்து சென்டிமீட்டர் நீளம். பிள்ளைகளையே தரையில் அளந்து கோடு போடச் சொல்வேன். ஏழரை மீட்டரைத் தாண்டும். கோடு வகுப்பறையை விட்டு வாசல் வழியாக வராந்தாவுக்குப் போய்விடும். "நாம தொட்டுப் பார்க்கிறது இதோ இந்த முனையில் இருக்கிற இரண்டு, பிளக்குக்குள்ள இருக்கிறது அந்த வராந்தா வரைக்கும்" என்று காட்டினால் அந்த மௌனத்தை நீங்கள் கேட்க வேண்டும். சங்கிலி விளையாட்டின் ஒன்பது வோல்ட் ஆறு கட்டை, அதையும் கோட்டில் குறித்துவிடுவேன்.

இன்னொன்று, இதில் சமரசமே கிடையாது. பட்டன் பேட்டரியைப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். விலை குறைவு, எல்.இ.டி.யை நேரடியாகச் செருகலாம் என்று நிறையப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருக்கிற அதைக் குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். அப்படி நடந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. தடித்த சாதாரணக் கட்டையே போதும்.

சரி, இசைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி.

பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதாதவர் இந்த அறையில் யாராவது உண்டா? அந்த நசுங்கிய முனையில் இரண்டு உதடு மாதிரி இலை துடிக்கிறதே, நாகஸ்வரத்தின் சீவாளி செய்வதும் அதையேதான். அங்கே நாணல், இங்கே இலை. நாலு அளவில் இலை கொடுத்தால் போதும், பெரிய பீப்பீ கட்டைக் குரலிலும் சின்னது கீச்சுக் குரலிலும் கத்தும், பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து முறைப்பார். உறிஞ்சு குழலை வெட்டி ஊதுவது என்று வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவார்கள், நல்ல விளையாட்டுதான், ஆனால் 2019 ஜனவரி முதல் நமக்குப் பிளாஸ்டிக் குழல் தடை, காகிதக் குழல் எச்சில் பட்டு நைந்துவிடுகிறது. பூவரசு வேலியில் இருக்கிறது.

அடுத்தது பன்னீர் சோடா பாட்டில். நாலு கண்ணாடி பாட்டிலில் வெவ்வேறு அளவு தண்ணீர். வாயோரமாக ஊதினால் தண்ணீர் அதிகமுள்ளது கீச்சென்று கத்தும். அதே பாட்டிலை ஸ்பூனால் தட்டினால் தண்ணீர் அதிகமுள்ளதுதான் கட்டைக் குரல்! இதைக் கேட்டதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் "நீ மாத்தி வச்சிட்ட" என்று திட்டிக்கொள்வார்கள். ஒரு குழு ஊதுகிறது, ஒரு குழு தட்டுகிறது, இரண்டுமே உண்மையைச் சொல்கிறது, சண்டை. தயவுசெய்து உடனே போய் விடை சொல்லாதீர்கள். ஊதும்போது துடிப்பது மேலே இருக்கிற காற்று, தண்ணீர் கூடக்கூடக் காற்றுக்கு இடம் குறைகிறது. தட்டும்போது துடிப்பது கண்ணாடி, தண்ணீர் கூடக்கூட அது சுமக்கிற பாரம் ஏறுகிறது. ஜலதரங்கக்காரர் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுச் சுருதி இறக்குவது இந்தப் பாரத்தை வைத்துத்தான்.

பாரம் என்றதும் மிருதங்கம். கச்சேரிக்கு முன்னால் தொப்பி என்கிற இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், பார்த்திருப்பீர்கள். வகுப்பில் அதையே தகர டப்பா வாயில் பலூனை இழுத்துக் கட்டி, நடுவில் கொஞ்சம் சப்பாத்தி மாவு ஒட்டிச் செய்யலாம், "டிங்" என்றது "தொம்" என்று இறங்கும். வலந்தலை என்கிற வலது பக்கத்தில் இருக்கிற கறுப்பு வட்டம், அதைச் சோறு என்பார்கள், இன்னும் நுட்பமான சமாசாரம். சாதாரணத் தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு சேர்ந்து வரும் மேல் ஒலிகள் ஒன்றோடொன்று பொருந்தாது, சத்தமாக இருக்கும், சுருதியாக இருக்காது. சோறு அந்த ஒலிகளை ஒழுங்கான மடங்குகளுக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. இதைச் சோதித்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் நம்ம திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன், கூட எழுதியவர் சிவகாளி குமார். நோபல் வந்ததற்குப் பத்து வருடம் முன்னால். பிப்ரவரி 28ஆம் தேதி, தேசிய அறிவியல் தினத்தில், ராமன் படத்துக்கு மாலை போடுகிற பள்ளிகளில் ஒன்றிலாவது அன்றைக்கு ஒரு மிருதங்கம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை.

கடைசியாக, என்னுடைய பழைய தப்புக்கு நான் செய்த பரிகாரம். அந்த யூஎம் 66ஐ விட்டுவிட்டு 555 டைமருக்கு மாறினேன். 1972இல் சந்தைக்கு வந்த ஐசி, இன்னமும் கிடைக்கிறது. சீராகத் துடித்து ஸ்பீக்கரில் ஓசை எழுப்பும், கூடச் சேர்க்கிற ரெசிஸ்டரை மாற்றினால் குரல் மாறும். நானே பலகையில் பொருத்திக் கொண்டுபோய்விடுவேன், ஆனால் ஒரு ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு இரண்டு ஒயர் நீட்டி வைத்திருப்பேன். பிள்ளைகள் காகிதத்தில் கறுப்பாக, அழுத்தி, பென்சிலால் பட்டைக்கோடு வரைவார்கள். பென்சில் கரியில் மின்சாரம் ஓடும். ஒரு ஒயரைக் கோட்டின் ஒரு முனையில் ஒட்டிவிட்டு மற்றதைக் கோட்டின் மேல் நகர்த்தினால் ஸ்பீக்கர் பாடும், தூரம் போகப்போகக் குரல் கட்டையாகும். யானைத் தும்பிக்கை வரைந்து வாசித்தார்கள், பாம்பு வரைந்து வாசித்தார்கள். ஒரு பிள்ளை தன் பெயரை எழுதி அதை வாசித்தது, எழுத்துக்கு எழுத்துக் கை எடுத்ததால் நடுவில் நின்று நின்று பாடியது, உடனே பென்சிலை எடுத்து எழுத்துகளை எல்லாம் கோடு போட்டு இணைத்துவிட்டது. சரிகம வந்ததா என்றால் வரவில்லை, ஏதோ ஊளையிடுகிற மாதிரி இருக்கும். "வேற பாட்டு வருமா?" என்று மட்டும் இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை.

செலவு, சாமான் எல்லாம் வெளியே கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறேன், படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு ஒரு செட், அதற்கு மேல் வேண்டாம், ஐந்தாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார். மேசையை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்காருங்கள்.

இப்போது எல்லாரும் எழுந்திருங்கள், தூங்கினவர்களும்தான். அந்த ஆணி வைத்த பெட்டி இதோ இருக்கிறது. வட்டமாக நின்று கை கோத்துக்கொள்ளுங்கள், தலைமையாசிரியர்கள் தனியாக நிற்க வேண்டாம், நடுவில் வாங்க. எரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், என் பையில் ஸ்டீல் ஸ்கேல் இருக்கிறது.