பிரம்மோஸ்: கூட்டுத் தயாரிப்பிலிருந்து தஞ்சாவூர் வரை

வணக்கம் நண்பர்களே. பிரம்மோஸைப் பற்றிப் பேசும் காணொளிகள் பெரும்பாலும் அதன் வேகத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த ஏவுகணை படைகளிடம் எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது என்பதே எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது.

1998 பிப்ரவரி 12 அன்று இந்த ஏவுகணையைக் கூட்டாகத் தயாரிக்க இந்தியாவும் ரஷ்யாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இந்தியா சார்பில் கையெழுத்திட்டவர் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு அப்போது தலைவராக இருந்த அப்துல் கலாம். கூட்டு நிறுவனத்தில் இந்தியாவின் பங்கு 50.5 சதவீதம், தலைமைப் பொறுப்பை ஏற்றவர் விஞ்ஞானி சிவதாணு பிள்ளை. ரஷ்யாவிடம் ஏற்கெனவே இருந்த ஓனிக்ஸ் ஏவுகணையே இதற்கு அடித்தளம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாயும் வேகத்தாலேயே காற்றை அழுத்தி எரிபொருளை எரிக்கும் ராம்ஜெட் எஞ்சின் அங்கிருந்து வந்தது. வழிநடத்தும் கருவிகளிலும் மென்பொருளிலும் நம் பொறியாளர்களின் உழைப்பு பெரிது. 2001 ஜூன் 12 அன்று ஒடிசாவின் சண்டிப்பூரில் முதல் சோதனை நடந்தது.

வேகத்தின் பயன் கடலில்தான் தெளிவாகத் தெரியும். ஒலியைப் போல் 2.8 மடங்கு வேகத்தில் வந்து, கடைசிக் கட்டத்தில் அலைகளுக்குச் சில மீட்டர் உயரத்தில் பாயும் ஏவுகணை, பூமியின் வளைவுக்கு அப்பால் இருக்கும் வரை கப்பலின் ரேடாருக்குத் தென்படாது என்பதால், அது கண்ணில் பட்டபின் எதிர்த்துச் சுட மாலுமிகளுக்கு அரை நிமிடம் கிடைத்தாலே அதிகம்.

தொடக்கத்தில் இதன் பாய்ச்சல் தொலைவு 290 கிலோமீட்டர் என்று வரையறுக்கப்பட்டது. 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் ஏவுகணைத் தொழில்நுட்பத்தை வெளியாருக்குத் தருவதைக் கட்டுப்படுத்தும் எம்டிசிஆர் அமைப்பில் ரஷ்யா உறுப்பு நாடு என்பதே காரணம். 2016இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. மறு ஆண்டே தொலைவு நீட்டிக்கப்பட்ட வடிவம் சோதிக்கப்பட்டது. 2024இல் பிலிப்பைன்ஸுக்கு ஏற்றுமதியானதோ பழைய 290 கிலோமீட்டர் வடிவம்தான்.

ஆனால் தொலைவு கூடியதைவிட, விமானத்தில் ஏற்றியதே பெரிய மாற்றம் என்பேன். கடற்படையும் தரைப்படையும் முன்பே இதைப் பெற்றுவிட்டன. தரையிலிருந்து ஏவும்போது சுமார் 3 டன் இருப்பதை 2.5 டன்னாகக் குறைத்து, சுகோய்-30 போர் விமானத்தின் வயிற்றுப் பகுதியையும் வலுப்படுத்திய பிறகுதான், 2017 நவம்பரில் வங்கக் கடலில் ஓர் இலக்கை அதனால் தாக்க முடிந்தது. ஒரு விமானத்துக்கு ஓர் ஏவுகணைதான். இந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

2020 ஜனவரியில் பிரம்மோஸ் தாங்கிய சுகோய்களைக் கொண்ட 222ஆவது படைப்பிரிவு தஞ்சாவூரில் நிலைகொண்டது. எல்லையை விட்டு இவ்வளவு தெற்கே எதற்கு என்று அப்போது சிலர் கேட்டார்கள். அங்கிருந்து வங்கக் கடல், அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல் மூன்றுமே கைக்கெட்டும். விமானம் பறக்கும் தொலைவோடு ஏவுகணை பாயும் தொலைவும் சேர்வதால், ஒரு போர்க்கப்பல் பல நாள் பயணம் செய்து அடையும் கடற்பரப்பைச் சில மணி நேரத்தில் எட்டிவிடலாம்.