எரிகிற விளக்கும் தூண்டுகோலும்

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மாலுமிகளே, வாழ்த்துரை வழங்கிய பேராசிரியர் அவர்களே (நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை அவரே சொல்லிவிட்டார், அதற்கும் நன்றி), விழாக் குழுவினரே, மூலையில் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டிருக்கும் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். தம்பியைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. அவர் எழுந்து போய்விட்டால் என் குரல் முன்வரிசையைத் தாண்டாது. ‘எரிகிற விளக்கானாலும் தூண்டுகோல் வேண்டும்.’ நான் ஏறுகிற மேடையில் எல்லாம் இந்தப் பழமொழியும் ஏறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு விளக்குக்கப்பலைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். ஒரு கப்பலின் பணி வரலாறு, அதற்குள் வாழ்ந்தவர்களின் அன்றாடம், அந்த வகைக் கப்பலே இல்லாமல் போன கதை.

கலங்கரை விளக்கம் கட்டத் தரை வேண்டும். கரைக்கு எட்டாத மணல்திட்டில் எங்கே கட்டுவது? ஒரு கப்பலைக் கொண்டுபோய் நங்கூரம் போட்டு, கம்பத்தில் விளக்கை ஏற்றினார்கள். 1730களிலேயே தேம்ஸ் ஆற்று முகத்தில் நோர் என்ற இடத்தில் இப்படி ஒன்று நின்றது. புயல் வந்தால் மற்ற கப்பல்கள் துறைமுகத்துக்கு ஓடும். இது ஓடக் கூடாது, அவ்வளவுதான் இதன் உத்தியோகம்.

அமெரிக்காவில் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே உள்ள திட்டுகளில் நின்றது 117 என்ற எண்ணுள்ள விளக்குக்கப்பல். ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் போகும் கப்பல்களுக்கு அதுதான் முதல் அடையாளம். விளக்கு உண்டு, மூடுபனிச் சங்கு உண்டு, ரேடியோ சமிக்ஞையும் உண்டு. வரும் கப்பல்கள் அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு நேராக அதை நோக்கியே வரும். கிட்டே வந்ததும் விலகிப் போக வேண்டும். கிட்டே வந்துவிட்டோம் என்பது தெரிந்தால்தானே விலகுவது? 1934 ஜனவரியில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் உரசிவிட்டுப் போனது. உள்ளே இருந்தவர்கள் பயந்தார்கள். பயந்தபடியே அங்கேயே நின்றார்கள், வேறென்ன செய்வது? மே 15. கண் தெரியாத மூடுபனி. சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது. பனியைக் கிழித்துக்கொண்டு எதிரே வந்தது ஒலிம்பிக். ஆமாம், டைட்டானிக்கின் உடன்பிறப்பு! 882 அடி நீளக் கப்பல், 133 அடிக் கப்பலின் மீது ஏறியது. பதினொரு பேரில் ஏழு பேர் இறந்தார்கள். வழிகாட்டும் ஒலியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு வந்ததால் நேர்ந்த விபத்து இது. முன்வரிசையில் ஐயா தலையாட்டுகிறார். பனியில் கப்பல் ஓட்டியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நஷ்டஈடாக பிரிட்டன் கொடுத்த பணத்தில் 112 என்ற எண்ணுள்ள புதுக் கப்பல் 1936இல் வந்தது. செலவு சுமார் 3 லட்சம் டாலர். தண்ணீர் புகாத அறைகள் நிறைய வைத்துக் கட்டினார்கள். சூடு கண்டவர்கள் அல்லவா. உலகப் போரில் சாம்பல் நிறம் பூசி, பீரங்கி ஏற்றி, போர்ட்லாந்து துறைமுகத்துக்கு வெளியே காவல் வேலைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் பழைய இடம். 1954இல் எட்னா சூறாவளியில் பலத்த அடி. 1960இல் நீராவி போய் டீசல் வந்தது. 1975இல் ஓய்வு. 1983இல் அந்த இடத்தில் ஒரு பெரிய மிதவையை வைத்துவிட்டார்கள். மிதவைக்குச் சோறு போட வேண்டாம்.

சரி, நான் வர நினைத்த இடம் இதுதான். அந்த 112ஆம் கப்பல் பல கை மாறியது. 2009இல் ஒரு அருங்காட்சியகக் குழு வாங்கியபோது விலை என்ன தெரியுமா? 1 டாலர். இன்று பாஸ்டனில் நிற்கிறது. வாங்குவது மலிவு, துருவைச் சுரண்டுவதுதான் செலவு. கப்பலை அருங்காட்சியகமாக்கித் திறக்கும் நாளில் நாடா வெட்ட ஆள் குவிகிறது. அடிப்பலகைக்கு வண்ணம் அடிக்க ஆள் தேடினால் ஒருவரும் இல்லை. எரிகிற விளக்கானாலும்... நீங்களே முடித்துவிட்டீர்கள்! அதனால்தான் கேட்கிறேன்: பழைய கப்பலைக் காட்சிக்கு வைக்கும் எந்த அமைப்பும் பராமரிப்புக்கென்று நிரந்தர ஆளையும் தனி நிதியையும் முதலில் ஒதுக்க வேண்டும், திறப்பு விழாவை அப்புறம் வைத்துக்கொள்ளட்டும்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். கப்பலுக்குள் வாழ்ந்தவர்கள் பொழுதுபோகாமல் பிரம்புக்கூடை பின்னியதைச் சொல்ல ஆசை. இன்னொரு மேடையில் பார்ப்போம். வாசல் மேசையில் கோரிக்கைத் தாள் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். மை தீர்ந்தால் மாற்றிக் கொடுக்கப் பக்கத்திலேயே ஓர் ஆளையும் நிறுத்தியிருக்கிறேன்.