டியூஷன்ல சேத்துவிட்டாச்சு, அப்புறம்?

வணக்கம்ங்க. மணி எட்டேகால் ஆச்சு. இப்பத்தான் கடைசிப் பையன் சைக்கிள எடுத்துட்டுக் கெளம்புறான். பின்னாடி பாய் எல்லாம் சுருட்டாம அப்படியே கெடக்கும், அதப் பாக்காதீங்க. கீழ அடுப்புல குக்கர் இருக்கு, விசில் வந்தா நடுவுல ஓடிருவேன்.

போன வாரம் ஒரு அம்மா வாசல்லயே நின்னு கேட்டுட்டாங்க. "ரெண்டு மாசமா அனுப்புறேன் மிஸ், காலாண்டுல கணக்குல 31தான் வாங்கிருக்கான். நீங்க சொல்லித்தான் குடுக்குறீங்களா?" பத்தாங்கிளாஸ், ஸ்டேட் போர்டு, பாஸ் மார்க் 35. கேட்ட ஒடனே எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா சொல்லல. ஏன்னா அவங்க கேட்டதுலயும் நியாயம் இருக்கு. நான் சொல்லித்தான் குடுத்தேன். அது அவனுக்குள்ள போகல. அது எங்க நின்னுபோச்சுன்னுதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

அந்தப் பையனோட பேப்பர வாங்கிப் பாத்தேன். கிராஃப்ல 8 மார்க்குக்கு 2தான் போட்டிருக்காங்க. சம் என்னன்னா, ஒய் ஈக்குவல் டு எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் 2. அவன் போட்ட டேபிள்ல வலது பக்கம் பூரா சரி. எக்ஸ் 1னா ஒய் 0, 2னா 4, 3னா 10. இடது பக்கம் வாங்க. மைனஸ் 3 போட்டா என்ன வரணும்? 9, அதுல 3 போச்சு, இன்னொரு 2 போச்சு, 4. அவன் மைனஸ் 14னு எழுதிருக்கான். மைனஸ் 4க்கு மைனஸ் 22. கிண்ணம் மாதிரி ரெண்டு பக்கமும் ஏற வேண்டிய வளைவு, ஒரு பக்கம் ஏறி, இன்னொரு பக்கம் சறுக்கு மரம் மாதிரி எறங்கிப் போயிருக்கு. பரீட்சை ஹால்ல சார்கிட்ட எழுந்து, "சார், கிராஃப் தாள் பத்தல"ன்னு கேட்டிருக்கான். இத அவனே எங்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றான்!

காரணம் ஒண்ணே ஒண்ணுதான். மைனஸ் 3 ஸ்கொயர்னா மைனஸ் 9ன்னு நெனச்சிருக்கான். அதுலயும் ஒரு கூத்து. "கால்குலேட்டர்ல போட்டேன் அக்கா, அதுவும் மைனஸ் 9ன்னுதான் காட்டுது"ங்கறான். பொய் இல்ல. சயின்டிஃபிக் கால்குலேட்டர்ல பிராக்கெட் இல்லாம மைனஸ் 3 ஸ்கொயர்னு தட்டுனா அது மொதல்ல 3அ ஸ்கொயர் பண்ணிட்டு அப்புறந்தான் மைனஸ் போடும். மைனஸ் 3அ பிராக்கெட்டுக்குள்ள வெச்சு அடிச்சாத்தான் 9. இது பத்தாங்கிளாஸ் பாடமே இல்லங்க, ஏழாங்கிளாஸ்ல விட்ட ஓட்ட. நான் ரெண்டு மாசமா அதுக்கு மேல மாடி கட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

டியூஷன்ல சேத்துவிடும்போது எல்லாரும் மொதல்ல கேக்குறது, "இப்ப எந்தப் பாடம் ஓடுது?" நானும் அப்படித்தான் கேட்டுட்டு இருந்தேன். இப்பல்லாம் புதுசா வர்ற பிள்ளைக்கு மொதல் நாள் பாடமே கெடையாது. பத்துக் கேள்வி குடுப்பேன், எல்லாம் ஆறு, ஏழு, எட்டாங்கிளாஸ்ல இருந்துதான். மைனஸ் கூட்டல் பெருக்கல், பின்னம் கூட்டுறது, ஒரு எக்ஸ் கண்டுபிடிக்கிறது, ஒரு சதவீதம், 12ஆம் வாய்ப்பாடு. ஒரு பொண்ணு, வகுப்புல மொத ரேங்க், 3ல் 1ஐயும் 4ல் 1ஐயும் கூட்டி 7ல் 2ன்னு எழுதுச்சு. அதத் திட்டல. எனக்கு எங்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சுபோச்சு, அவ்ளோதான்.

இப்ப நான் பண்ண தப்பச் சொல்றேன். டியூஷன் ஆரம்பிச்ச புதுசுல, நாந்தான் எல்லா சம்மும் போடுவேன். போர்டு பூரா, கை பூரா சாக்பீஸ் தூள். பிள்ளைங்க அழகா எழுதிக்குவாங்க. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்." காலாண்டு வந்துச்சு, அதே சம்ல நம்பர மட்டும் மாத்திக் கேட்டிருந்தாங்க, பாதிப் பேருக்கு வரல. அந்த மூணு மாசத்துல நல்லாப் படிச்சது நான் ஒருத்திதான்.

அதனால இப்ப ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். இங்க வர்றதுக்கு முன்னாடி வீட்ல கால்மணி நேரம், ரெண்டே ரெண்டு சம். முடிக்கணும்னு இல்ல, போட்டுப் பாக்கணும். எந்த வரில நின்னுச்சோ அங்க பென்சில்ல ஒரு சுழி. ரப்பர் போடக் கூடாது. ஜியாமெட்ரிக்கு வேணும்னா வெச்சுக்கோங்க, மத்த கணக்குக்கு எடுக்காதீங்க. அழிச்சுட்டா எங்க தப்பு பண்ணான்னு எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர்கிட்ட போறப்ப எங்க வலிக்குதுன்னு காட்டணும்ல.

ஒரு உதாரணம் சொல்றேனே. கூட்டுத் தொடர்வரிசைல, அதாவது ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு கூடிக்கிட்டே போற வரிசைல, அடுத்தடுத்து மூணு எண், கூட்டுனா 27, பெருக்குனா 288, அந்த எண்ணுங்க என்ன? ஒருத்தன் வந்து "மிஸ், இந்த சம் வரல"ம்பான். நான் அடில இருந்து ஆரம்பிக்கணும், இருபது நிமிஷம் போயிரும். இன்னொருத்தி வர்றா. "மொத எண் ஏ, கூடுற அளவு டி, அப்போ ஏ, ஏ பிளஸ் டி, ஏ பிளஸ் 2டின்னு எடுத்தேன், கூட்டுனா ஏ பிளஸ் டி 9ன்னு வருது, பெருக்குறப்பதான் குழம்புது." இவளுக்கு ரெண்டு நிமிஷம் போதும். "நடு எண்ணையே 'ஏ'ன்னு வெச்சுக்கோ, முன்னாடி ஏ மைனஸ் டி, பின்னாடி ஏ பிளஸ் டி, கூட்டிப் பாரு"ன்னேன். டி அடிபட்டுப் போச்சு, ஏ 9. அப்புறம் 9ஐ 81 மைனஸ் டி ஸ்கொயரால பெருக்குனா 288, அப்போ டி ஸ்கொயர் 49. 2, 9, 16. "இவ்ளோதானா மிஸ்?"னு ஒரு பார்வை பாத்தா பாருங்க. அவளுக்கு அது இனி மறக்காது. முட்டி நின்ன எடத்துல கெடைச்சது ஒட்டிக்கும்.

இருங்க, குக்கர்.

ம், வந்துட்டேன். திருத்துன பேப்பர் விஷயம். பிள்ளைங்க அத பையோட அடில மறைச்சு வெச்சிருக்கும். அடிக்கவா போறோம், கொண்டு வரச் சொல்லுங்க. மார்க் போன ஒவ்வொரு எடத்துலயும் பக்கத்துல எழுதச் சொல்வேன்: தெரியல, கவனக்குறைவு, நேரம் பத்தல. எல்லாப் பிள்ளையும் கவனக்குறைவுன்னுதான் எழுதும். அதுதான் மானத்தக் காப்பாத்தும். நம்ம கிராஃப் தம்பியும் அப்படித்தான் எழுதுனான். பேப்பர் பூரா எண்ணிப் பாத்தேன், ஆறு எடத்துல அதே மைனஸ். ஒரே கவனக்குறைவு ஆறு தடவ வருதுன்னா அதுக்குப் பேரு தெரியலப்பா.

இன்னொண்ணு, இதக் கொஞ்சம் வருத்தமாத்தான் சொல்றேன். "ஜியாமெட்ரி, கிராஃப் ரெண்டும் 16, ஒன் மார்க் 14, மொத்தம் 30, கூட மூணு ரெண்டு மார்க் போட்டா பாஸ்"ன்னு எல்லாரும் சொல்லிக் குடுக்குறாங்க. கணக்கு சரிதான், தத்தளிக்கிற பிள்ளைக்கு நானும் அதத்தான் சொல்வேன். ஆனா ஜூன் மாசமே ஒரு பிள்ளைகிட்ட இதச் சொன்னா, முக்கோணவியல் பக்கம் அது திரும்பிக்கூடப் பாக்காது. 28ஆவது, 42ஆவது கேள்வி கட்டாயம், அதுல சாய்ஸ் கெடையாது. அப்புறம் அந்த கிராஃப்க்கும் மைனஸ் தெரிஞ்சாத்தானே ஆகும்?

வீட்ல இருக்குறவங்களுக்கு. நாலரைக்கு ஸ்கூல் விட்டு, ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சு, அப்படியே பையோட இங்க வர்றாங்க. பசில இருக்குற பிள்ளைக்கு அல்ஜீப்ரா ஏறாது. ரெண்டு வாழப்பழம், ஒரு கைப்பிடி சுண்டல், எதுவோ ஒண்ணு குடுத்து அனுப்புங்க. நான் இங்க பொட்டுக்கடல வெச்சிருக்கேன், மாசம் ரெண்டு கிலோ ஆகுது, ஃபீஸ்ல சேக்கல!

"எனக்குக் கணக்கு தெரியாதே, நான் என்ன கேக்க"ன்னு சொல்லாதீங்க. "எத்தன மார்க்?"னு கேக்குறதுக்குப் பதிலா "இன்னைக்கு எந்த எடத்துல நின்னுச்சு?"னு கேளுங்க. அதுக்கு அஞ்சாங்கிளாஸ் படிச்சிருந்தாப் போதும். அந்த வாசல்ல கேட்ட அம்மாகிட்டயும் இதத்தான் சொன்னேன். அவங்க பூக்கட்டுறவங்க. இப்ப தெனமும் பூக்கட்டிக்கிட்டே கேக்குறாங்களாம், இவனும் பக்கத்துல ஒக்காந்து நோட்ட விரிச்சுக் காட்டுறானாம்.

நேத்து அவன் வந்தான். நோட்டுல ஒரு எடத்துல சுழி, அது பக்கத்துல ரெண்டு தடவ அடிக்கோடு. "அக்கா, நாலு தடவ போட்டுட்டேன், கைடுல இருக்குற விடை வரவே மாட்டேங்குது." நானும் வாங்கிப் போட்டேன். எனக்கும் வரல. மைனஸ், பிராக்கெட் எல்லாம் சரியா வெச்சிருக்கான். இன்னொரு தடவ போட்டேன். அவன் போட்டதுதான் சரி, கைடுலதான் அச்சுப்பிழை. சொன்னேன். நோட்டப் புடுங்கிட்டு அடுத்த ரூம்ல இருக்குற பசங்ககிட்ட காட்ட ஓடிட்டான். அன்னைக்கு அப்புறம் எங்க பாடம் நடத்துறது, எல்லாப் பயலும் கைடுல வேற எங்க தப்பு இருக்குன்னு தேட ஆரம்பிச்சுட்டானுங்க.