நான் சேர்க்கிற மழைத்தண்ணி பக்கத்து வீட்டு போர்வெல்லுக்குப் போயிடாதா?

வணக்கம். போன தடவை சம்ப், அதான் தரைக்கடியில இருக்கிற தண்ணித் தொட்டி, அதைக் கழுவறது பத்திப் பேசினேன் இல்லையா, அதைப் பாத்துட்டு மடிப்பாக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எங்க மாடி 1000 சதுர அடி சார். நான் காசு செலவு பண்ணி மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள விடறேன். பக்கத்து வீட்டுக்காரர் 300 அடி போர் போட்டு உறிஞ்சிடறார். எனக்கென்ன லாபம்?"

சிரிச்சுட்டேன். அப்புறம் ராத்திரி பூரா அதேதான் மண்டைக்குள்ள ஓடுது. நிறைய பேர் மனசுல வெச்சுக்கிட்டுக் கேக்காம இருக்கறதை இவங்க கேட்டுட்டாங்க.

முதல்ல கணக்கு. நம்ம பழைய ஆளுங்களுக்குத் தெரியும், திரும்பவும் சொல்றேன்: 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர். உங்க மாடி கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர். சென்னைக்கு வருஷச் சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர். பெருக்கினா 1,30,000 லிட்டர். ஆவியாறது, சிதறறதுன்னு அஞ்சுல ஒரு பங்கு போகட்டும், அப்பவும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. 12,000 லிட்டர் லாரி எட்டும்மா! யாருக்கும் போன் போட்டுக் கெஞ்சாம மாடியில வந்து இறங்குது.

இப்ப கேள்விக்கு வரேன். மண்ணுக்குள்ள போன தண்ணிக்குக் காம்பவுண்டு சுவர் தெரியாது. கொஞ்சம் அவருக்குப் போகத்தான் செய்யும். அவரும் மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள விட்டா உங்களுக்கும் வரும். ஆனா சம்புல நிக்கிறது உங்களோடது. அதனால மாடித் தண்ணி வடிகட்டி வழியா முதல்ல சம்புக்குப் போகட்டும். அது ரொம்பி வழியறதைக் கிணத்துக்கு விடுங்க. கிணறு இல்லையா, உறை இறக்கின குழிக்கு விடுங்க. களிமண் பூமின்னா மேலாகத் தோண்டிப் பிரயோஜனம் இல்ல, மணல் தட்டுப்படற வரைக்கும் போகணும்.

வடிகட்டின்னதும் எங்க அப்பத்தா ஞாபகம் வருது. ராமநாதபுரம் பக்கம், ஓட்டு வீடு. மழை இருட்டினா தாவாரத்துக்குக் கீழ அண்டாவை வெச்சு, வாயில வேட்டியக் கட்டிடுவாங்க. ஆனா உடனே பிடிக்க விடமாட்டாங்க. "மொத மழை ஓட்டக் கழுவட்டும்டா"ம்பாங்க. இன்னிக்கு முதல் தண்ணிய வெளிய தள்ளத் தனி பைப்பும் வால்வும் வெக்கிறோமே, அதேதான். அந்தத் தண்ணியில பருப்பு பூவா மலரும். கிணத்துத் தண்ணியில கல்லு மாதிரி நிக்கும். மழைத்தண்ணியில சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் எல்லாம் கிட்டத்தட்ட இல்ல, அதான். ஹீட்டர்ல வெள்ளையாப் படியறதும் இதனால குறையும்.

எங்க விட்டேன்... ஆங், குழி. அம்மா, நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. "எங்க வீட்டுக் குழி இன்னும் வேலை செய்யுதா?" 2003-ல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்ப அவசர அவசரமாக் கட்டினோம். அதுக்கப்புறம் எத்தனை பேர் மூடியத் திறந்தோம்?

நானும் திறக்கல. 2019 ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி வந்துச்சே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர், அதை டிவில பாத்துட்டு வெக்கப்பட்டுப் போய்த் திறந்தேன். சேறு, மக்கின வேப்பிலை, பேரன் தொலைச்ச பந்து. ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவன் வீட்டுல 16 வருஷமா மழை வாசல்ல நின்னு திரும்பிப் போயிருக்கு. ஜல்லிய அள்ளி அலசி, மணலை மாத்தினோம். ஒரே நாள் வேலை.

ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி உங்களோடதையும் திறந்துடுங்க. ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. இறங்காம அப்படியே நின்னா உள்ள சேறுதான். பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரு கை பிடிக்கக் கூப்பிடுங்கம்மா, அந்த சிமெண்ட் மூடி ஒரு ஆளால தூக்கற கனம் இல்ல.