சீனி பார்த்தாச்சா?

வணக்கம் நேயர்களே.

மலேரியா என்றால் நம்மில் மூத்தவர்களுக்குக் குலைப்பன் காய்ச்சலும் குயினைன் கசப்பும்தான் ஞாபகம் வரும். குலைக்கும், வியர்க்கும், விட்டுவிடும். ஆனால் பால்சிபாரம் என்றொரு வகை இருக்கிறது. அந்தக் கிருமி புகுந்த இரத்த அணுக்கள் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். வாய்க்காலைச் சல்வீனியா அடைக்குமே, அப்படித்தான். மூளையில் அடைத்தால் வலிப்பு வரும், நினைவு தப்பும்.

நினைவு தப்பினதும் "மூளைக்கு ஏறிவிட்டது" என்று கையைப் பிசைகிறோமே, அங்கேதான் கவனம் வேண்டும்.

தொண்ணூறுகளில், வன்னியில், ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. குயினைன் துளித்துளியாக ஏறுகிறது. முதல் நாள் நன்றாகப் பேசியவள், மறுநாள் விடியப்புறம் கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. தாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறா. வயதான தாதி ஒருவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, காய்ச்சல் இல்லை, ஆனா தலையணையே நனையிற மாதிரி வேர்வை" என்றா. விரலில் குத்தி, சீனி பார்க்கும் பட்டியில் ஒரு துளி வைத்தோம். நிறமே மாறவில்லை. இரத்தத்தில் சீனி அடிமட்டம்! குளுக்கோசை நாளத்தில் மெல்ல ஏற்றினோம். ஊசி முடியமுதல் பிள்ளை கண்ணைத் திறந்து, "ஏனம்மா அழுறீங்கள்?" என்றாள்.

குயினைன் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும், கர்ப்பிணிகளில் இன்னும் கூட. கிருமியும் சீனியைத் தின்னும். சாப்பாடும் இறங்காது. ஒருமுறை ஏற்றினால் போதாது, திரும்பவும் விழும். அவளுக்கு அன்றிரவே இரண்டு தரம் விழுந்தது. ஆகவே கட்டிலடியில் இருக்கிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்: சீனி பார்த்தாச்சா? நாலு மணித்தியாலம் கழித்து, திரும்பவும் கேளுங்கள்.

இப்போது குயினைனுக்குப் பதிலாக ஆர்ட்டிசுனேற் ஊசி இருக்கிறது. 2005இல் வெளியான ஆசிய ஆய்வில், குயினைன் ஏற்றியவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள், இதைப் போட்டவர்களில் 15 பேர். சீனி விழுவதும் குறைவு.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சிறுநீரகம், நுரையீரல் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சலம் குறைந்தாலோ கறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உடனே தாதியைக் கூப்பிடுங்கள். மற்றது, 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. இளம் வைத்தியர்கள் பலர் ஒரு நோயாளியைக்கூடக் கண்டிருக்கமாட்டார்கள். ஆபிரிக்காவோ இந்தியாவோ போய்வந்து காய்ச்சல் என்றால், வைத்தியர் கேட்கமுதல் நீங்களே சொல்லிவிடுங்கள்.