இலேசான வில்லே போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்து லிட்டர் வாளியில் தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். அதை மூன்று விரல்களால் மட்டும் தூக்கி, ஐந்து எண்ணும்வரை ஆடாமல் நில்லுங்கள். 22 பவுண்டு வில்லை முழுதாக இழுத்துப் பிடிக்கும்போது விரல்களில் ஏறும் பாரம் ஏறக்குறைய அதுதான். வீட்டுக் கொல்லையில் பொழுதுபோக்காக அம்பு விட விரும்புகிறவர்களுக்கு அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதியே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கொல்லைக்குத் தெருப் பிள்ளைகள் வருவார்கள். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு அவன் மாமா 40 பவுண்டு வில் வாங்கித் தந்திருந்தார். அதை இழுக்கும்போது அவன் தோள் காது வரைக்கும் ஏறியது, முழங்கை நடுங்கியது, விடும் நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இரண்டு வாரத்தில் அதுவே பழக்கமாகிவிட்டது. பிறகு 16 பவுண்டு மூங்கில் வில்லைக் கொடுத்து, அந்தக் கண்ணைத் திறக்க வைக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வில் இலேசாக இருக்கட்டும்.

கடையில் வாங்குவதானால், வில்லில் எழுதியிருக்கும் பவுண்டைப் பாருங்கள். அது 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. கை குட்டையானவர்களுக்கு ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் இரண்டு பவுண்டு குறையும். எதுவும் எழுதாத வில்லானால், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்துப் பாருங்கள். பிவிசி குழாயை வளைத்துச் செய்யும் வில்லை நான் பரிந்துரைப்பதில்லை. வெயிலில் அது இளகி, வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும். பழைய குழாயானால் இழுத்த கையோடு நொறுங்கவும் கூடும்.

என் மனத்துக்கு உகந்தது மூங்கில்தான். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, புளியமரத்தடியில் ஒரு பாட்டி கூடையும் முறமும் முடைந்துகொண்டிருப்பார். என் முதல் வில் மூன்றாம் நாளே முறிந்தது. முறிந்த துண்டுகளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "தம்பி, தோலை உள்ளே வைத்து வளைத்திருக்கிறாயே, அது எப்படித் தாங்கும்?" என்றார். பக்கத்தில் கிடந்த ஒரு பிளாச்சை, அதாவது நீளவாக்கில் பிளந்த மூங்கில் பட்டையை எடுத்து, பச்சைத் தோல் வெளியே தெரியும்படி முழங்காலில் வைத்து மெல்ல வளைத்துக் காட்டினார். சத்தமே இல்லை. அதையே புரட்டி வளைத்தபோது சதைப்பக்கத்திலிருந்து 'சிர்ர்' என்று நார் கிழியும் ஒலி கேட்டது. மூங்கிலின் வலிமையான நார் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது. இழுவையை அதுதான் தாங்கும். நாணிருக்கும் பக்கம் சதை, இலக்கைப் பார்க்கும் பக்கம் தோல். இதை மறக்காதீர்கள்.

பிளாச்சுக்கு முற்றிய மூங்கில் வேண்டும், குறைந்தது மூன்று வயதானது. நிழலில் சில மாதம் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மூங்கில் வளைந்தபடியே நின்றுவிடும். பெரியவர்களுக்கு ஐந்தரை அடி நீளம், நடுவில் ஒன்றரை அங்குல அகலம், முனைகளில் அரை அங்குலம். ஒரு பிளாச்சு மெலிவாகத் தோன்றினால் அதைவிடக் குட்டையான இன்னொன்றைச் சதைப்பக்கத்தில் சேர்த்து, நடுவில் பழைய சைக்கிள் டியூப்பால் இறுகச் சுற்றுங்கள். லாரிக்கு அடியில் இரும்புப் பட்டைகளைப் பெரிதும் சிறிதுமாக அடுக்கியிருப்பார்களே, அதே முறைதான்.

பொறுமை வேண்டிய வேலை இனிமேல்தான். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுபோல் வளைய வேண்டும். வில்லை ஓர் ஆணியில் மாட்டி, நாணைக் கொஞ்சமாகக் கீழே இழுத்து, தள்ளி நின்று பாருங்கள். எந்தப் பாதி விறைப்பாக நிற்கிறதோ அதன் சதைப்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுங்கள். நாலு சுரண்டல், மறுபடி ஒரு பார்வை. தோலில் மட்டும் சில்லு படவே கூடாது. கைக்குக் கனமாக இருக்கும் வில்லையும் இதே சுரண்டலில் இலேசாக்கலாம்.

இது ஏதோ பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராஞ்சிக்கு அருகில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான் பழகத் தொடங்கினார். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். நம் நாட்டு வில்வித்தைப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்று மூங்கில் வில்லுக்கென்றே 30 மீட்டர், 50 மீட்டர் பிரிவு இன்றைக்கும் இருக்கிறது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் இரண்டு விரல் காட்டுகிறார்கள், நேரம் முடியப்போகிறது. அம்பைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இழுக்கும் நீளத்தைவிட அம்பு இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். குட்டை அம்பு, வில்லைப் பிடித்த கையிலேயே பாய்ந்துவிடும். அம்பின் வாலில் கட்டும் மூன்று இறகுகளையும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுங்கள். நாணுக்குப் பாலியஸ்டர் நூலைப் பல இழை சேர்த்து முறுக்குங்கள், நைலான் இழுபடும். அம்பில்லாமல் நாணை விடாதீர்கள், வில் தெறித்துவிடும். இலக்காகப் பழந்துணி திணித்த சாக்கு, அதன் பின்னால் சுவர், சுவருக்கும் உங்களுக்கும் நடுவே ஆளோ நாயோ கோழியோ கூடாது. மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம். இலேசான வில்லின் அம்புகூட நூறு மீட்டர் போய்விடக்கூடும்.

விளையாடி முடித்ததும் நாணைக் கழற்றி, வில்லை மூலையில் சாத்தாமல் இரண்டு ஆணிகளின்மேல் கிடையாக வையுங்கள். வணக்கம்.